அருவிக்கு இடப்புறம்

தில்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் சுருக்கெழுத்தராக இருந்தேன். பழைய கோயில்கள், கோட்டைகள், படிக்கிணறுகள் பற்றிய குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் சின்னப் பிரிவு அது. அதிகாரிகள் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து அளந்துவிட்டு வருவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டு, டைப் அடித்து, நான்கு நகல் எடுத்துக் கோப்பில் சேர்ப்பேன். எத்தனையோ கோயில்களின் நீள அகலம் என் விரல் வழியாகப் போயிருக்கிறது. ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றைச் சொன்னவர் லக்னோக்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், தடித்த கண்ணாடி, எப்போதும் கசங்கிய சட்டை. ராஜஸ்தான் பக்கம் அவருக்கு வேலை. தீபாவளி முடிந்த வாரம் தலைமை அலுவலகத்துக்கு வந்து பத்து நாள் தங்குவார். மற்ற அதிகாரிகள் காகிதத்தைப் பார்த்துப் படிப்பார்கள். இவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். பார்த்ததைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போவார், நடுநடுவே எனக்காக ஹிந்தியில் விளக்குவார்.

அந்த வருடம் அவர் சொன்னது கோட்டாவைத் தாண்டி, காட்டுக்குள் இருக்கும் ஒரு சிவன் கோயில். நதி அங்கே அகலமாக, கணுக்கால் ஆழத்தில், கரும்பாறை மேல் பரவி வருகிறது. கோயிலின் கடைசிப் படியைத் தொட்டுவிட்டு, அடுத்த நாலடியில் அப்படியே பள்ளத்தில் விழுகிறது. கருவறையில் நின்றால் தண்ணீர் தெரியாது, தரை மட்டும் லேசாக அதிரும். மழைக்காலத்தில் தூண்களில் இருக்கும் பெண்கள் எல்லோரும் சாரலில் நனைந்து நிற்பார்கள், வெயில் வந்தால் ஒவ்வொருத்தியாகக் காய்வார்கள். இப்படியெல்லாம் அரசாங்க அறிக்கையில் எழுத முடியுமா என்று கேட்டேன். "எழுதுங்க மேடம், மேலே இருக்கறவங்க வெட்டினா வெட்டட்டும்" என்றார்.

"அங்கே யாராவது போவாங்களா சார்?"

"ஆடுகள் போகும்."

சிரித்துவிட்டு, "நீங்க ஒரு தடவை போங்க. செப்டம்பர்ல போகணும். இவ்வளவு டைப் அடிச்சுட்டுப் பார்க்காம இருக்கறது நல்லதில்லை" என்றார்.

நான் போகவில்லை. மகளுக்கு அப்போது இரண்டு வயது. ஆர்.கே.புரத்தில் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ், மாமியாருக்குச் சர்க்கரை, என் கணவருக்கு இன்னொரு அமைச்சகத்தில் வேலை. வருடத்துக்கு ஒரு தடவை லீவு கிடைத்தால் திருநெல்வேலிக்கு ரயில் ஏறுவோம். ஆனால் அந்தக் கோயில் என்னை விடவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கும்போது, திடீரென்று அந்தத் தண்ணீர் கடைசிப் படியைத் தொட்டுவிட்டுப் போகும். ஒரு நாள் மலை மந்திரில் முருகனைக் கும்பிட்டுவிட்டு நிற்கும்போது தரை அதிர்வது போல இருந்தது. கீழே சாலையில் லாரி போயிருக்கிறது.

நாடு முழுக்க எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று ஒரு பயணச் சலுகை எங்கள் இருவருக்கும் நாலு வருடத்துக்கு ஒரு முறை வரும். ஒரு தடவை தைரியமாகக் கணவரிடம் சொன்னேன்.

"ராஜஸ்தான்ல ஒரு கோயில் இருக்காம். அருவி ஓரத்துல."

"அருவி பாக்கணும்னா குத்தாலத்துக்குப் போவோம்ளா. தண்ணி விழுறதப் பாக்க பாலைவனத்துக்கா போவாங்க?"

அவர் சொன்னதில் தப்பில்லை. குற்றாலத்துக்குப் போனோம். கூட்டத்தில் இடிபட்டுக் குளித்தோம், நன்றாகத்தான் இருந்தது. துண்டால் தலையைத் துவட்டும்போது, இது இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எது என்று யாரிடமும் சொல்ல முடியவில்லை.

லக்னோக்காரர் ஐந்தாறு தீபாவளிக்கு வந்தார். ஒவ்வொரு தடவையும் "போனீங்களா?" என்று கேட்பார். "இல்ல சார்" என்பேன். "அச்சா, அடுத்த செப்டம்பர்" என்பார். அப்புறம் ஒரு தீபாவளிக்கு அவர் வரவில்லை. வேறு ஒருவர் வந்தார், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடித்தே கொண்டுவந்திருந்தார். பழையவர் எங்கே என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால், உனக்கு எதற்கு என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

ஓய்வு பெற்றதும் மயூர் விஹாரில் ஃப்ளாட் வாங்கிக் குடிபோனோம். மகள் அதற்குள் வளர்ந்து குருகிராமில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தாள். போன வருடம் கனடாவில் வேலை கிடைத்தது. நவம்பரில் கிளம்ப வேண்டும். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி டம்ளரோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் போறதுக்கு முன்னாடி நாம ரெண்டு பேரும் ஒரு ட்ரிப் போலாம். நீ சொல்லு, எங்க வேணாலும். ப்ளீஸ், கோயில் மட்டும் வேண்டாம்."

"கோயில்தான்" என்றேன்.

பெயரைச் சொன்னேன். முப்பது வருடத்தில் அந்தப் பெயரை வீட்டில் நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் இரண்டாவது தடவை. அவள் போனில் தேடினாள். நாலைந்து படங்கள்தான் இருந்தன. நான் திரும்பிக்கொண்டேன். படத்தில் பார்க்க எனக்கு இஷ்டமில்லை.

"அரே, இது ரொம்ப ஆஃப்பீட். உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆபீஸ்ல வந்துச்சு" என்றேன்.

செப்டம்பர் முதல் வாரம் அவள் காரிலேயே போனோம். கோட்டாவில் இரவு தங்கிவிட்டுக் காலையில் கிளம்பினோம். கடுகு எண்ணெய் வாசனை அடிக்கும் ஒரு டீக்கடை வாசலில் நிறுத்தி, இறங்கிக் கதவைச் சாத்தியதும் கேட்டது. சத்தம் என்று சொல்வதா தெரியவில்லை, பக்கத்தில் ஏதோ பெரிய ஆலை ஓடுவது போல இருந்தது. மகள் பையை எடுக்க டிக்கியைத் திறந்துகொண்டிருந்தாள். நான் அவளுக்காக நிற்காமல் நடந்தேன்.

பாசி பிடித்த நுழைவாயில். உள்ளே நனைந்த கல் வாசனை, வௌவால் வாசனை. முகம் கறுத்த குரங்குகள் மதில் மேல் வரிசையாக உட்கார்ந்து சாரலைப் பார்த்துக்கொண்டிருந்தன. தூண்களில் பெண்கள் நின்றார்கள். ஒருத்தி ஈரக் கூந்தலைப் பிழிந்தாள், ஒருத்தி காலில் தைத்த முள்ளைக் குனிந்து பார்த்தாள். எல்லோரும் நனைந்திருந்தார்கள். கருவறைக்குள் போய்ச் செருப்பில்லாத காலை ஊன்றி நின்றேன். அதிர்ந்தது. யாரோ வைத்துவிட்டுப் போன வில்வ இலைகள் லிங்கத்தின் மேல் லேசாக நடுங்கின. அது காற்றாகவும் இருக்கலாம்.

வெளியே வந்தால் நதி. அவர் சொன்னதைவிட ஆழம் அதிகமாக இருந்தது, நிறமும் வேறு. டீ போலச் சிவந்து, நுரைத்து, கடைசிப் படியை மூடிக்கொண்டு போனது. பள்ளத்தை எட்டிப் பார்த்தால் மரங்களின் உச்சிதான் தெரிந்தது. அதற்குக் கீழே எல்லாம் நீர்ப்புகை.

மகள் பின்னாலேயே வந்து சேர்ந்தாள். அவள் கண்ணில் முதலில் பட்டது கோயில் இல்லை, ஓரமாக இருந்த ஒரு அறிவிப்புப் பலகை. "அம்மா, இங்க ஹிஸ்டரி எழுதியிருக்கு" என்று கூப்பிட்டாள். மேலே ஹிந்தி, கீழே ஆங்கிலம். ஆங்கிலத்தைப் படிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில், நதி கோயிலின் கடைசிப் படியைத் தொட்டுவிட்டு விழுகிறது என்று இருந்தது. நான் போட்ட அதே இடத்தில் கால்புள்ளி. மேலே இருந்தவர்கள் அதை வெட்டவில்லை.

எனக்குக் கண்ணில் நீர் நின்றது.

"என்னம்மா ஆச்சு?"

"இது நான் அடிச்சது."

"யாரை?"

தமிழ் அவளுக்குக் காதில்தான் பழக்கம். "டைப் அடிச்சேண்டி. இந்த வரியெல்லாம் நான் டைப் அடிச்சது" என்றேன். அவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சச் மே? நிஜமாவா?" என்று கேட்டுவிட்டு, என்னையும் பலகையையும் சேர்த்துப் படம் எடுக்க ஆரம்பித்தாள்.

கடைசி வரியில், அருவிக்கு இடப்புறம் மகரத்தின் மேல் நிற்கும் நதி தேவதையின் சிறு சன்னதி இருக்கிறது என்று போட்டிருந்தது. அதையும் பார்த்துவிடலாம் என்று இரண்டு பேரும் இடப்பக்கம் போனோம். கோயில் முடிந்ததும் வெறும் பாறை, அதன் பிறகு இரும்புக் கம்பி வேலி. சன்னதி எதுவும் இல்லை. வேலியைச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தபோது காவலாளி குடையோடு வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், காக்கிச் சட்டை, நரைத்த பெரிய மீசை.

"நதி தேவதையைத் தேடறீங்களா பெஹன்ஜி? எல்லாரும் இங்கேதான் வந்து முழிப்பாங்க" என்று ஹிந்தியில் சொன்னார். "பலகையிலே தப்பு. சன்னதி வலப்பக்கம். அதோ, அக்கரையிலே."

குடைக் கம்பியால் காட்டினார். சிவந்த தண்ணீருக்கு அந்தப் பக்கம், பள்ளத்தின் விளிம்பில், ஒரு ஆள் உயரத்துக்குச் சின்ன மண்டபம். உள்ளே இருட்டு. எதுவும் தெரியவில்லை.

அங்கே நிற்கும்போதுதான் அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. லக்னோக்காரர் பெரிய கோயிலைச் சொல்லி முடிக்கும் நேரத்தில், பக்கத்து அறையில் அவருக்குப் போன் வந்தது. எழுந்து போனார். யார் பேசினார்கள் என்று தெரியாது, திரும்பி வரும்போது முகம் ஒரு மாதிரி இருந்தது. உட்கார்ந்து, "எங்கே விட்டேன்?" என்றார். கடைசியாக எழுதிய வார்த்தையைப் படித்தேன்: "இடப்புறம்." அவர் கண்ணை மூடி, "மகரத்தின் மேல் நதி தேவதை" என்று தொடங்கினார். பெரிய கோயில்தான் இடப்புறம். நதி தேவதைக்கு வலப்புறம் என்று அவர் மனதில் சொல்லியிருக்க வேண்டும். நான் இரண்டையும் ஒட்டவைத்துவிட்டேன். அவருக்கு என்ன போன் வந்தது, வீட்டில் என்ன என்று நான் கேட்கவும் இல்லை.

இத்தனை வருடமாக வந்தவர்களெல்லாம் என் பிழையைப் படித்துவிட்டு வெறும் பாறையில் தேடியிருக்கிறார்கள். எனக்கு வெட்கத்தோடு சிரிப்பும் வந்தது. இதை ஒரே ஒருவரிடம்தான் சொல்லிச் சிரிக்க முடியும்.

"தடிமனா கண்ணாடி போட்ட ஒரு ஆபீசர் சாப் இங்கே வருவாரே, தெரியுமா?" என்று காவலாளியிடம் கேட்டேன்.

"தெரியாமலா? குடை சாப். வெயில்லயும் கையிலே குடை இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல வருவார். இந்தப் படியிலேயே முழு நாளும் உட்கார்ந்திருப்பார். சிலை மேல யாராவது துணி காயப்போட்டா அப்படித் திட்டுவார்! காட்டுக்கே கேட்கும்."

அவர் திட்டுவார் என்று எனக்குத் தெரியாது. அலுவலகத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"இந்தப் பலகையைப் பார்த்தாரா?"

"இல்ல பெஹன்ஜி. பலகை வந்தது அப்புறம். அவர் வர்றது அதுக்கு ரொம்ப முன்னாடியே நின்னுபோச்சு."

"இப்ப எங்கே இருக்கார்?"

அவர் கையை விரித்தார்.

அக்கரைக்குப் போக முடியுமா என்று கேட்டேன். பாறைமேல் வரிசையாகக் கல் போட்டிருக்கிறது, கோடையில் குழந்தைகூட நடந்து போகலாம், இப்போது கல் எல்லாம் தண்ணீருக்குள் என்றார். "ஜனவரியிலே வாங்க. நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா அப்ப அருவி இருக்காது."

சாயந்திரம் வாயிலைச் சாத்தும்வரை அங்கேயே இருந்தோம். மகள் சலித்துக்கொள்ளவில்லை. படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, காலை நனைத்துக்கொண்டு, கனடா வீட்டு வாடகை, குளிர், கூடத் தங்கப்போகும் பெண் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. விழாததற்கும் தலையாட்டினேன்.

திரும்பும் வழியில் கொஞ்ச தூரம் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டினாள். அப்புறம் சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அம்மா, ஒண்ணு கேட்பேன், கோபப்படாதே. உனக்கு அந்த சார் மேல... லைக்... ஏதாவது இருந்துச்சா?"

கோபம் வரவில்லை. இதை யாராவது கேட்பார்கள் என்று நினைத்ததே இல்லை.

"அவர் மேல இல்ல. அவர் போய்ட்டு வாற இடத்து மேல."

"பக்கா?"

"ஆமாடி."

அவள் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். எனக்குத்தான் சந்தேகம் இருந்தது. கண்ணை மூடி ஒருவர் ஒரு இடத்தைச் சொல்லும்போது, சொல்கிறவர் எங்கே முடிகிறார், இடம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்து எழுத எந்தச் சுருக்கெழுத்து வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அவரோடு ஒரு டீ கூடக் குடித்ததில்லை. அவர் மனைவி பெயர் தெரியாது. ஆனால் அந்தப் படியில் அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார் என்று அன்றைக்கு நான் தேடியது உண்மை.

தில்லி வந்ததும் பலகையைத் திருத்தச் சொல்லி என் பழைய பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். தப்பு என்னுடையது என்றும் எழுதினேன். பதில் வரவில்லை. அந்தப் பிரிவு இப்போது இருக்கிறதா என்பதே தெரியாது.

நவம்பரில் மகள் கிளம்பிப் போனாள். விமான நிலையத்திலிருந்து வந்து அவள் அறையில் விளக்கைப் போட்டேன், அணைத்தேன். அவள் செருப்பு ஒரு ஜோடி வாசலிலேயே கிடந்தது. இவரும் நானும் அதைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தோம், எடுத்து உள்ளே வைக்க இரண்டு பேருக்கும் கை வரவில்லை. வீட்டில் ஆள் குறைந்ததும், மிச்சமிருந்த ஏக்கமெல்லாம் மொத்தமாக அக்கரையில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த இருட்டு மண்டபத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும் போல இருந்தது.

ஜனவரிக்கு டிக்கெட் எடுக்கப் போகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். தனியாகத்தான் போவதாக இருந்தேன். அவருக்கு முழங்கால் வலி, அதோடு கோயில் பார்க்க ஊர் விட்டு ஊர் போகிற ஆள் இல்லை.

"எனக்கும் ஒண்ணு சேத்து எடு" என்றார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நீங்களும் வாரீயளா?"

"இங்கன தனியா இருந்து சுவத்தையா பாக்கச் சொல்லுத?"

பனியில் ரயில் ஐந்து மணி நேரம் தாமதம். கோட்டாவிலிருந்து பஸ். டீக்கடை வாசலில் இறங்கியதும் நின்று கேட்டேன். ஒன்றுமில்லை. கிளிகள் கத்துவது கேட்டது, யாரோ விறகு வெட்டுவது கேட்டது. தூண்களில் பெண்கள் காய்ந்து, வெயில் பட்டு, மஞ்சளாக நின்றார்கள். காவலாளிக்கு என்னை ஞாபகம் இருந்தது. பலகை அப்படியே இருந்தது. ஆனால் கடைசி வரிக்குக் கீழே சுண்ணாம்பால் வலப்பக்கம் காட்டி ஒரு அம்புக்குறி போட்டிருந்தார். "பெஹன்ஜி சங்கடப்பட்டீங்களே, அதான்" என்றார்.

நதி இருந்த இடத்தில் கரும்பாறை. அங்கங்கே குழிகளில் பச்சைத் தண்ணீர். கணவர் ஒரு கையால் என் தோளையும் ஒரு கையால் காவலாளி தோளையும் பிடித்துக்கொண்டு, கல் கல்லாகத் தாண்டினார். "இதுக்கு ஒரு பாலம் போடக் கூடாதாய்யா?" என்று தமிழிலேயே அவரிடம் கேட்டார். அவரும் புரிந்ததுபோல "ஹாங் ஜி" என்று தலையாட்டினார்.

மண்டபத்துக்குள் குனிந்து பார்த்தேன். மகரத்தின் மேல் ஒரு கால் மடித்து அவள் நின்றாள். இடுப்பில் குடம். மூக்கு போயிருந்தது, உதடு இருந்தது. இதெல்லாம் நான் டைப் அடித்தது. ஆனால் அவள் காலடியில் இன்னொருத்தி இருந்தாள். சாண் உயரச் சின்னப் பெண், இரண்டு கையாலும் ஒரு குடையை உயர்த்திப் பிடித்திருந்தாள். குடை எட்டவில்லை, தேவதையின் முழங்கைவரைதான் வந்தது. அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இவளைப் பற்றி அறிக்கையில் ஒரு வார்த்தை இல்லை. அன்று போன் வராமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாரோ, இல்லை வேண்டுமென்றே விட்டாரோ. ஒருவேளை அவர் சொல்லி, நான்தான் விட்டேனோ. கேட்க ஆளில்லை. வெகுநேரம் குனிந்தே இருந்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது.

வெளியே வந்தால், கணவர் விளிம்புக்குக் கொஞ்சம் தள்ளிப் பாறையில் கால் நீட்டி உட்கார்ந்து, நான் கட்டிக் கொண்டுவந்த புளிச்சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். பள்ளத்தில் இப்போது புகை இல்லை. அடிவரை தெரிந்தது, கீழே ஒரு சின்னக் குட்டை, அதில் வானம்.

"இதுக்குத்தான் அன்னைக்கே போவோம்னு சொன்னியா?" என்றார்.

அவருக்கு அது ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"ஆமா."

இன்னும் இரண்டு கவளம் சாப்பிட்டார். கையை உதறிவிட்டு, காய்ந்த பாறையில் தண்ணீர் அரித்து வைத்திருந்த வழவழப்பை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். வந்த வழியைப் பார்த்தார், விளிம்பைப் பார்த்தார்.

"ஏளா, தண்ணி வந்தா எதுவரைக்கும் வரும்? இந்தா, நான் இருக்க இடம் முங்கிருமா?"

"தலைக்கு மேல போகும்."

"அந்தக் கோயில் படி?"

"அது வெளியவே தெரியாது."

கோயில் பக்கம் திரும்பிப் போயிருந்த காவலாளி எழுந்திருக்கச் சொல்லி அங்கிருந்து கையாட்டினார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கணவர் எழுந்திருக்காமல் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார், சாதம் ஒட்டிய விரல் அப்படியே இருந்தது.

"செப்டம்பர்ல வருவமா?" என்றார்.